சீலாவின் தோழிகளுக்கு வந்த காட்டுப் பச்சைச் சட்டைகள்

திருகோணமலை,
2007 ஓகஸ்ட் 28

அன்புத் தங்கச்சி கிறிஸ்டினுக்கு,

அண்ணன் பேணாட் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நானும் உன் மச்சாள் இராசமலரும் சுகம். கனடாவில் இப்போதாவது நீயும் மச்சானும் பிள்ளைகளும் போர்வையை விட்டு வெளியே வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் மகள் சீலாவின் கலியாணம் நல்லபடி முடிந்தது என்று போனில் சொன்னேன். அது உண்மை. ஆனால் எப்படி முடிந்தது என்பதைப் போனில் கதைக்க ஏலாது, இங்கே போனுக்கும் காது உண்டு என்று உனக்கே தெரியும். அதனால்தான் இதை எழுதி, கொழும்புக்குப் போகும் ஃபாதரின் கையில் கொடுத்துவிடுகிறேன்.

"அண்ணா, இன்ரநெற்றில கலியாணத் தோழிப் பெண்களுக்கு வடிவான சட்டை அரைவாசி விலைக்குப் போகுது, நீங்க பாத்துச் சொல்லுங்கோ, நான் என்ர கிரெடிட் காட்டால காசு கட்டுறன்" என்று நீதானே சொன்னாய்? நாங்களும் குணரத்தினத்தின் கொமியூனிகேசன் கடைக்குப் போனோம். அங்கே இருப்பது ஒரே ஒரு கொம்பியூட்டர். அதில் யாரைப் பார்த்தாலும் மஞ்சள் காமாலை வந்தவர்போலத் தெரியும். படம் ஒரு தீப்பெட்டி அளவில் வந்தது. இலையும் கொடியுமாக ஏதோ தெரிந்தது. பெயர் "காட்டுப் பச்சை" என்று குணரத்தினம் மொழிபெயர்த்தான். "பூப்போட்டதை விட இலை போட்டதுதான் இப்ப ஸ்ரைல்" என்றாள் சீலா. மணப்பெண் சொன்னால் மறுபேச்சு உண்டா? ஐந்து சட்டைகளுக்கும் ஓம் என்றோம்.

பிறகு பார்சல் வரும் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கலியாணத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது பார்சல் வரவில்லை, ஆள் வந்தது. கொழும்பிலிருந்து சாமான் கொண்டுவந்த வான் வண்டியை ஊர் எல்லைச் சோதனைச் சாவடியில் மறித்துப் பெட்டிகளைத் திறந்து பார்த்தார்களாம், பேணாட் என்ற பெயருக்கு வந்த பெட்டியை மட்டும் இறக்கி வைத்திருக்கிறார்களாம், அடையாள அட்டையோடு உடனே வரட்டாம். வெளிநாட்டுச் சாமானுக்கு ஏதோ கையெழுத்து வைக்க வேண்டுமாக்கும் என்று தலையைச் சீவி, இஸ்திரி போட்ட சேட்டைப் போட்டுக்கொண்டு போனேன். இராசமலரும் குடையோடு ஏறிக்கொண்டாள். போய்ப் பார்த்தால், மேசையில் விரித்துக் கிடந்த ஐந்து சட்டைகளும் மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியின் உடுப்பும் ஒரே துணியில் வெட்டியவைபோல இருந்தன! இலையாவது கொடியாவது, கிறிஸ்டின்! பச்சைத் திட்டு, மண்ணிறத் திட்டு, நடுநடுவே கறுப்பு. அந்தத் துணியில் முகம் துடைக்க ஒரு கைலேஞ்சி வைத்திருந்தாலே இங்கே ஆளை ஏற்றிப்போவார்கள். இப்போது பகிடியாக எழுதுகிறேன், ஆனால் அந்த மேசைக்கு முன்னால் நின்ற எல்லாரும் வீடு திரும்பியதில்லை.

அதிகாரி கொஞ்சம் தமிழ் படித்தவர். அதுதான் வினையாகிவிட்டது.

"இது யூனிபோம் யாருக்கு?"

"தோழிகளுக்கு சேர்."

அவர் பேனையை எடுத்தார். "தோழர்?"

"தோழர் இல்லை சேர், தோழி. பொம்பிளைப் பிள்ளையள்."

"பொம்பிளை அணி! எத்தனை பேர்?"

"அஞ்சு பேர் சேர். ஒரு மாசமா றெயினிங் எடுக்கினம்." பாட்டுக்கும் நடைக்கும் ஒத்திகை பார்க்கிறார்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பயத்தில் நாக்கு வேறு பக்கம் போய்விட்டது.

"தலைவர் யார்?"

"என்ர மகள் சேர். சனிக்கிழமை காலமை எல்லாரும் மாதா கோயிலடியில ஒண்டு சேருவினம்..."

இராசமலர் என் காலை மிதித்தாள். மிதித்தாள் என்றால் லேசாக இல்லை, நகம் இன்னும் கறுப்பாக இருக்கிறது. "இஞ்சருங்கோ, நீங்கள் வாயை மூடுங்கோ" என்றுவிட்டு, குடையை என் கையில் திணித்து, ஒரு சட்டையைத் தூக்கித் தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். ஊதிய கை, இடுப்பில் சுருக்கு, பின்னால் பெட்டகம் அளவில் ரிபன் முடிச்சு, அதற்குப் பெயர் 'போ'.

"சேர், வடிவாப் பாருங்கோ. இதைப் போட்டுக்கொண்டு ஆரும் காட்டுக்குள்ள ஓட ஏலுமோ? முதல் முள்ளிலேயே இந்தப் போ மாட்டிப்போடும். இது கலியாணச் சட்டை. கனடாவில இருக்கிற இவற்ற தங்கச்சி மலிவா வாங்கித் தந்தது."

அதிகாரி சட்டையைப் பார்த்தார், போவைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். கலியாணம் உண்மையா என்று கேட்க ஃபாதருக்குப் போன் எடுத்தார். "கலியாணம் உண்மை. சட்டை எப்பிடி எண்டு எனக்குத் தெரியாது" என்று சொன்னாராம் ஃபாதர், சாமியார் என்றால் அப்படித்தான் அளந்து பேசுவார். போனை வைத்த அதிகாரி, "கலியாணம் போகலாம். இந்தக் கலர் ரோட்டில் போக ஏலாது" என்றார்.

மணப்பெண் அழுதாலும் பரவாயில்லை, உயிரோடு வீட்டுக்குப் போவோம் என்று நான் குடையை விரித்துவிட்டேன். உன் மச்சாள் நகரவில்லை. சட்டையை உட்புறம் வெளியே வரப் புரட்டினாள். உள்ளே ரோசாப்பூ நிறத்தில் வழவழவென்று லைனிங்!

"சேர், இந்தப் பக்கம் போகலாமோ?"

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் போகலாம்" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற கடற்படைக்காரர் துவக்கைப் பிடித்தபடி மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கியதை நான் கண்டேன். அங்கேயே, அந்த மேசையிலேயே, ஐந்து சட்டைகளையும் புரட்டி மடித்துக் கொண்டுவந்தோம்.

மிச்சம் பல்கீஸின் வேலை. எங்கள் ஒழுங்கைத் தையல்காரி, நீ பார்த்ததில்லை. தையல் தெரிந்த இடமெல்லாம் லேஸ் வைத்து மறைத்தாள். "மாமா, இத வாங்கின காசுக்குப் புதுசா ஆளுக்கு ரெண்டு தைச்சுத் தந்திருப்பன்" என்று ஊசிக்கு ஒரு தரம் சொன்னாள். ஆனால் கோயிலில் ஐந்து பிள்ளைகளும் ரோசாப்பூவாக நடந்துவந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். சீலா என் கையைப் பிடித்து, "அப்பா, படத்தில இருந்ததை விட வடிவு" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பூசை முடிந்து வெளியே வரும்போது துறைமுகப் பக்கமிருந்து ஒரு காற்று அடித்தது பார், ஐந்து பாவாடைகளும் தூக்க, ஐந்து ஓரத்திலும் பச்சை! றோட்டில் ஆமி ஜீப் ஒன்று வேறு வந்துகொண்டிருந்தது. வீடியோவில் மணப்பெண்ணின் தகப்பன் ஏன் தோழிப் பெண்களுக்குப் பின்னால் குனிந்து குனிந்து ஓடுகிறான் என்று மச்சான் கேட்டால், பூப்பொறுக்குகிறார் என்று சொல்லு.

ஆகவே தங்கச்சி, இனிமேல் எங்களுக்கு இன்ரநெற் வேண்டாம், அரைவாசி விலை வேண்டாம், சும்மா தந்தாலும் வேண்டாம். கடைக்குப் போய்த் துணியைக் கையால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கி, பல்கீஸிடம் கொடுப்போம். இது என் முடிந்த முடிவு.

மச்சானுக்கு என் அன்பைச் சொல்லு, பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மாதா உங்கள் எல்லாரையும் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

உன் அண்ணன்,
பேணாட்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் இராசமலர் வந்து நிற்கிறாள். மாப்பிள்ளையின் தங்கச்சிக்கும் கலியாணம் பொருந்திவிட்டதாம், சம்பந்தி அம்மாவுக்கு அதே கடையில் அதேபோல எட்டுச் சட்டை வேண்டுமாம். பல்கீஸும் தன் பெறாமகளுக்கு, அதுதான் அக்காவின் மகளுக்கு, ஒன்று கேட்கிறாள். வெளிப்பக்கம் என்ன நிறமென்றாலும் காரியமில்லை. உட்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பக் கடைக்காரனிடம் சொல்லு.