அட்டையில் சொட்டிய எண்ணெய்

இனி இந்த வீட்டில் எதற்கும் பயப்படுவதில்லை என்று முடிவெடுத்த அன்றுதான் நான் கார் வாங்கினேன். பழைய கார். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்தது. பயப்படாதவன் புதுசுதான் வாங்க வேண்டும் என்று சட்டமில்லை.

"வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாமே" என்றாள் மனைவி.

"எதுக்கு?"

"உள்ள என்ன இருக்குன்னு நமக்கு என்ன தெரியும்? எங்கேயாவது ஒழுகினா?"

அவள் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நான் குடிநீர் வாரியத்தில் கசிவுப் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். ஊரில் எந்தக் குழாய் ஒழுகினாலும் என் மேஜைக்கு வந்து கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஒழுக வேண்டும்.

"கசிவைப் பத்தி எனக்கே பாடமா?"

"சரி, அப்போ ஒரு ஒப்பந்தம். வண்டி ஒரு தடவை மக்கர் பண்ணினாலும் சாவி என் கைக்கு வந்துடணும். அப்புறம் ஓட்டறது நான்."

"வந்துடும்."

"மக்கர் பண்ணினா நீங்களே வந்து சொல்லணும். மறைக்கக் கூடாது."

"நான் எதையாவது மறைச்சிருக்கேனா?"

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு சொட்டை வைத்துக்கொண்டு ஆளின் முழு யோக்கியதையையும் சொல்லிவிடுவாள். அவள் அப்படிப் பார்த்தால் எனக்கு விரல் நுனி குறுகுறுக்கும்.

சாவி எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். டி.வி. ரிமோட் அவளிடம். பீரோ சாவி அவளிடம். மின்விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதுகூட அவள் தீர்மானம். இந்த வீட்டில் நான் பிடித்துத் திருப்பினால் திரும்பக்கூடிய ஒரே பொருள் அந்த ஸ்டியரிங்தான். அதையும் விட்டுவிட்டு நான் எதைப் பிடித்துக்கொண்டு உட்காருவது? தவிர, அவள் முதல் தடவையே லைசென்ஸ் எடுத்தவள். எனக்கு எத்தனாவது தடவை கிடைத்தது என்பதை எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவள் மட்டும் பேசுவாள்.

ஒரு மாதம் வண்டி ஒழுங்காக ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அலுவலகத்திலிருந்து திரும்பும்போது நெரிசலில் மாட்டிக்கொண்டேன். இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மெல்ல எழுந்தது. நடுவுக்கு வந்தது. நடுவைத் தாண்டியது. சிவப்புக் கோட்டைத் தொட்டது. அங்கேயே ஓரங்கட்டி இஞ்சினை அணைத்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நிறுத்தினால் அதற்குப் பேர் மக்கர். நிறுத்தாதவரை அது வெறும் சூடு. வெறும் சூட்டைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை கிடையாது. ஆகவே நான் முள்ளைப் பார்ப்பதை நிறுத்தினேன்.

எங்கள் தெருமுனைக்கு வந்தபோது முன்மூடிக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. வண்டி தானாகவே நின்றுவிட்டது. ஆறும்வரை பக்கத்தில் நின்று, போவோர் வருவோரிடம் சிரித்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதற்குக் கொடுத்து, கெஞ்சி வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

"ஏன் லேட்?"

"டிராஃபிக்."

"ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

"அதுவும் டிராஃபிக்தான்."

"என்னமோ கருகின வாசனை வருதே உங்க மேல."

"எனக்கு முன்னாடி போன வண்டி."

"பாவம், அந்த வண்டிக்காரர்" என்றாள். அத்தோடு விட்டுவிட்டாள். அவள் ஒரு விஷயத்தை அத்தோடு விட்டால்தான் நான் கவலைப்பட வேண்டும்.

மறுநாள் காலை காருக்கு அடியில் கறுப்பாக, தோசைக்கல் அகலத்துக்கு ஒரு கறை. தொட்டேன். எண்ணெய். துடைத்துவிட்டு, பழைய மிக்ஸி வந்த பெட்டியைப் பிரித்து அந்த அட்டையை அடியில் சொருகினேன். ஞாயிற்றுக்கிழமை அட்டையில் கறை. திங்கட்கிழமை இன்னும் பெரிய கறை.

எங்கள் பிரிவில் கசிவுப் புகார் வந்தால் உடனே குதிக்க மாட்டோம். கொஞ்சம் ஆறப்போடுவோம். பல கசிவுகள் தானாகவே அடைபடும்; அடைபடாதவற்றில் புகார் கொடுத்தவரே அலுத்துப்போவார். இந்த வழியில் நான் இத்தனை வருஷம் நல்ல பேர் வாங்கியிருக்கிறேன். வண்டி விஷயத்திலும் அதையே செய்வதென்று முடிவெடுத்தேன். வேறு வழியும் இல்லை. பக்கத்துப் பட்டறைக்காரரின் சம்சாரம் என் மனைவியோடுதான் வேலை செய்கிறாள். நான் அங்கே வண்டியை விட்டால், முன்மூடி திறப்பதற்குள் சேதி ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்விடும்.

திங்கட்கிழமை காலை இடி விழுந்தது.

"வர ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டுத் தம்பி வீட்டுக்குப் போகணும். நம்ம வண்டியிலயே போயிடலாம்."

மைத்துனன் வீடு மலைமேல் இருக்கிறது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. நடுவில் கொண்டை ஊசி வளைவுகள்.

"பஸ்ல போனா என்ன?"

"கார் இருக்கறப்போ எதுக்கு பஸ்? ஏன், வண்டி நல்லாத்தானே இருக்கு?"

"அதுக்கென்ன. அருமையா இருக்கு."

அன்றிலிருந்து நான் அலுவலகத்துக்கு பஸ்ஸில் போனேன். பஸ் ஸ்டாப் வரை நடப்பது உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொன்னேன். "நல்ல காரியம்" என்றாள். வண்டி நாள் முழுக்க வீட்டில் நின்றது. சாவி என் பையில் பத்திரமாக இருந்தது. மறுசாவி என் சட்டைகளுக்கு அடியில் இருந்தது. என் சட்டைகளை அடுக்கி வைப்பது யார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம், மாடியில் குடியிருக்கும் பல் டாக்டரை ரகசியமாகக் கூப்பிட்டேன்.

"டாக்டர், உங்களுக்குக் காரைப் பத்தித் தெரியுமா?"

"வாயைத் திறந்துட்டா எல்லாம் ஒண்ணுதான் சார்."

முன்மூடியைத் தூக்கினேன். அவர் டார்ச்சையும், பல்லுக்குப் பின்னால் பார்க்கிற குச்சிக் கண்ணாடியையும் உள்ளே விட்டார்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"வெள்ளிக்கிழமையிலிருந்து."

"சூடா ஏதாவது பட்டுச்சா?"

"ரொம்ப சூடு, டாக்டர்."

"ம். பாருங்க, மேல் மூடி உட்கார்ற ஓரத்துல கசியுது. ஈறு மாதிரி இடம். நடுவுல ஒரு ரப்பர் இருக்கும், அது சூட்டுல விறைச்சுப் போயிருக்கலாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவாவும் இருக்கலாம். இல்லேன்னா சூட்டுல இஞ்சினோட தலையே வளைஞ்சிருக்கலாம். அப்படின்னா மொத்தமாப் பிடுங்கணும்."

"மலையில ஏறினா?"

"மேல ஏறும்போது தாங்கும். பாதி வழிவரைக்கும்."

அன்றிரவு சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் மாமியார் முன்சீட்டில் உட்கார்ந்து பாதாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை அட்டையைப் பார்த்தேன். கறை இருந்தது. ஆனால் கறுப்பு இல்லை. தங்க நிறம். சுத்தமான, தெளிவான, பளபளப்பான எண்ணெய். கறுப்பாக ஒழுகியபோது எனக்கு வெறும் பயம். தங்கமாக ஒழுகியபோது கிலி.

சாயங்காலம் டாக்டரிடம் ஓடினேன்.

"நிறம் மாறிடுச்சு டாக்டர்."

"வெளியில இருந்த அழுக்கெல்லாம் போயிடுச்சு. இப்ப உள்ளேர்ந்து வருது. ஆழத்துலேர்ந்து."

"எங்கேர்ந்து வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"இஞ்சினை நல்லாத் துடைங்க. மேல பவுடர் தூவுங்க. கொஞ்ச நேரம் ஓட விடுங்க. எங்க ஈரம் ஊறுதோ அங்கதான் வியாதி."

வீட்டில் இருந்தது மனைவியின் முகப்பவுடர்தான். வியாழக்கிழமை அவள் கிளம்பியதும், அரை நாள் லீவு போட்டு, டப்பா பூராவும் கொட்டினேன். இஞ்சின் கல்யாணப் பெண்போல ஜொலித்தது. ஓடவிட்டேன். டாக்டரிடம் இரவல் வாங்கியிருந்த குச்சிக் கண்ணாடியை விட்டு மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். எங்கேயும் ஈரம் இல்லை. பொட்டு ஈரம் இல்லை. பவுடர் பவுடராகவே இருந்தது. அளவுக்குச்சியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் ஒரு நூல்கூட இறங்கவில்லை. மேலே காய்ந்திருக்கிறது, உள்ளே குறையவில்லை, கீழே சொட்டுகிறது. இத்தனை வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு கசிவை நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்படின்னா என்ன டாக்டர்?"

அவர் கண்ணாடியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "சுரக்குது சார்" என்றார்.

"சுரக்குதா?"

"நான் பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. எனக்கே பயமா இருக்கு."

அன்று சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் எல்லாம் வேகவைத்தது. முந்தின நாளும் அப்படித்தான்.

"என்ன, பொரியல்கூட இல்லையா?"

"எண்ணெயைக் கொஞ்சம் குறைக்கலாம்னு பார்க்கறேன். நம்ம வீட்டுல எண்ணெய் ரொம்பச் செலவாகுது."

எண்ணெய் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் புரையேறியது. அவள் தலையைத் தட்டி, தண்ணீர் கொடுத்தாள்.

"ஏங்க, ஒரு சந்தேகம். மலையில ஏறும்போது திடீர்னு இஞ்சின் நின்னுட்டா பிரேக் பிடிக்குமா?"

"ஏன் கேக்கற?"

"சும்மாதான். ஆமா, என் பவுடர் டப்பாவைப் பார்த்தீங்களா?"

"நான் எதுக்குப் பவுடரைப் பார்க்கப் போறேன்?"

"அதானே. உங்க புருவத்துல இருக்கறது என்னமோ வேற போல."

வெள்ளி, சனி இரண்டு நாளும் நான் மனுஷனாகவே இல்லை. அட்டையில் எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. சனிக்கிழமை கறை முன்னெப்போதையும்விட அகலம். சொன்னால் சாவி போகும். சொல்லாவிட்டால் எல்லாரும் போவோம். சாவியா உயிரா என்று ஒரு பக்கம் மனசு கேட்டது. இன்னொரு பக்கம் கொஞ்ச நேரம் யோசித்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அட்டையைப் பார்க்கக்கூட தைரியம் வரவில்லை. மாமியார் பையோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். "மாப்பிள்ளை, மெதுவாப் போங்க. நான் இன்னும் ரெண்டு பேரன் பேத்தி பார்க்கணும்" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மனைவியை ஓரமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். முள், ஆவி, கறை, பவுடர், சுரப்பு. கண்கூடக் கலங்கிவிட்டது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"சிவப்புக் கோட்டைத் தாண்டியும் ஓட்டினீங்களா?"

"வீடு பக்கத்துலதானே இருந்துச்சு."

"ம்." கையை நீட்டினாள்.

சாவியைக் கொடுத்தேன். ஒரு மாத ராஜ்யம் முடிந்தது. ஆனால் நிஜமாகவே மனசு லேசாயிற்று. மூன்று உயிரைக் காப்பாற்றிவிட்டேன் இல்லையா?

"வா, பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடிக்கலாம்" என்றேன்.

அவள் சுற்றிப் போய் ஓட்டுகிற பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏய், எங்க ஏறற? இது மலையேறாது."

"ஏறும். நீங்க பின்னாடி ஏறுங்க."

ஏறினேன். மாமியாரின் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டேன். மலை ஆரம்பித்தது. முதல் வளைவில் கண்ணை மூடினேன். அடுத்த வளைவில் ஒரு கண்ணைத் திறந்தேன். மாமியார் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஓட்டும்போது அவர் இமைகூடக் கொட்டியதில்லை. எட்டி முள்ளைப் பார்த்தேன். நடுவில் நின்றது. இன்னும் ஏறினோம். அங்கேயே நின்றது.

"எப்படி?" என்றேன்.

"இஞ்சினைக் குளிர வைக்கிற விசிறியோட ஒயர் கழண்டிருந்துச்சு. அதான் சூடு. சூட்டுல மேல் மூடி ரப்பர் விறைச்சுப் போச்சு. அதான் கசிவு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பட்டறையில விட்டேன். ரெண்டையும் சரி பண்ணிட்டாங்க."

"செவ்வாய்க்கிழமையா? உனக்கு எப்படித் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை நீங்க தெருமுனையில வண்டிக்குத் தண்ணி கொடுத்துட்டு எல்லாரையும் பார்த்துச் சிரிச்சீங்களே, அப்ப நான் எதிர்க் கடையிலதான் இருந்தேன்."

நான் பையை இன்னும் இறுக்கிக்கொண்டேன். எனக்குள் இருந்த கசிவுப் புகார்ப் பிரிவு கடைசியாக ஒருமுறை தலைதூக்கியது.

"இரு, இரு. செவ்வாய்க்கிழமையே சரியாயிடுச்சுன்னா, புதன்கிழமையிலிருந்து அட்டையில தினமும் எண்ணெய் எங்கேர்ந்து வந்துச்சு?"

அவள் அடுத்த வளைவை ஒற்றைக் கையால் திருப்பினாள்.

"சமையல்கட்டுலேர்ந்துதான். நேத்தோட டின்னு காலி. நீங்க இன்னைக்கும் வாயைத் திறக்கலேன்னா என்ன பண்றதுன்னு எனக்கே பயமாப் போச்சு. வழியில கடை வந்தா சொல்லுங்க, ஒரு லிட்டர் வாங்கணும்."