என் பெயரில் ஓர் ஆணழகன்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மகனுக்குப் பெண்ணைக் கொடுத்தவன் பணிவோடு எழுதுவது. தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று அடுத்த வரியை எழுதுவதுதான் முறை. அந்த வரியை மூன்று தாளில் எழுதி மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். சரியில்லாத கயிற்றைச் சரியாக இருக்கிறது என்று எழுதி ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. ஆகையால் கீழே மரியாதைக்குக் குறைவாக ஏதாவது வந்துவிட்டால், கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படும்படி கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் ஒருநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து போன் வந்தது. என் பெயரைச் சொல்லி, ரிப்போர்ட் மோசமாக இருக்கிறது, உடனே சிறுநீரக டாக்டரைப் பாருங்கள் என்றாள் ஒரு பெண். ஓய்வுபெற்றவர்கள் வருடம் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்ள எங்கள் அலுவலகத்தில் ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். இந்த வருடம் நான் ரத்தம் கொடுத்ததாக ஞாபகமே இல்லை. மறதியும் நோயின் அறிகுறிதான் என்று என் மனைவி தீர்ப்புச் சொல்லி, கையோடு அழைத்துப் போனாள். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார், சட்டையைக் கழற்றச் சொன்னார். என் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணி முடித்தார். பிறகு, "எத்தனை மாசமா ஊசி போட்டுக்கறீங்க?" என்று கேட்டார். என்ன ஊசி என்றேன். உடம்பைத் திரட்டுவதற்காகப் போட்டுக்கொள்கிற ஆண் ஹார்மோன் ஊசியாம். என் ரத்தத்தில் அது நாலு ஆளுக்குப் போதுமான அளவு ஓடுகிறதாம். அதனால் சிறுநீரகம் தகராறு செய்து, ஒன்றேகாலுக்குள் இருக்க வேண்டிய கிரியாட்டினின் என்கிற கழிவு இரண்டே முக்காலுக்கு ஏறிவிட்டதாம். இந்த வயதில் யாரை மயக்குவதற்கு இந்த ஊசி என்று டாக்டர் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி கேட்டாள். வீட்டுக்கு வந்து என் அலமாரி, பெட்டி, பழைய ஷூ வரை எல்லாவற்றையும் கொட்டித் தேடினாள். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. மேஜையில் தட்டு விழுகிற சத்தத்தை வைத்துத்தான் இது மதியச் சாப்பாடு என்று தெரிந்துகொள்வேன். இதற்கு நடுவில், தங்களிடம் மறைப்பானேன், எனக்கும் ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. நாலு ஆள் சக்தி உள்ளே ஓடுகிறது என்று படித்தவர் சொல்கிறாரே என்று சமையலறைக்குப் போய் நிறைந்த கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டு ஐந்து நாள் படுக்கையில் கிடந்தேன்.

இடுப்பு நிமிர்ந்ததும் டாக்டரம்மா இன்னொரு தடவை ரத்தம் எடுக்கச் சொன்னார். இந்தத் தடவை வந்தது ஓய்வூதியக்காரனுக்கு உரிய சாதுவான ரத்தம். அப்படியானால் முதலில் வந்தது யாருடையது? பரிசோதனை நிலையத்துக்கே போய்க் கேட்டேன். ரத்தம் எடுத்த பெண்ணுக்கு நன்றாக நினைவிருந்தது. "உங்க அட்டையோட பெரிய உடம்பா ஒருத்தர் வந்தார் சார். கையில கட்டற ரப்பர் பட்டை எட்டவே இல்ல, ரெண்டை முடிஞ்சு கட்டினேன்" என்றாள். இரண்டு பட்டை வேண்டியிருக்கிற கை எங்கள் குடும்பத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறது, பகலில் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறது. ஆமாம் சம்பந்தி, தங்கள் மகன்தான். மாமனார் பெயரைத் திருடித் தன் ரத்தத்துக்குச் சூட்டிவிட்டார் என்று எழுதக் கை கூசுகிறது. கூசினாலும் எழுதுகிறேன். இவ்வளவு பெரிய ஏமாற்றுக்காரரை நான் என் உத்தியோகக் காலத்தில்கூடப் பார்த்ததில்லை.

இந்த அவமானம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். டாக்டரின் வரவேற்பறையில் எனக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய ரிப்போர்ட்டின்படி அவருக்கு இந்நேரம் அடர்த்தியாக மீசை முளைத்திருக்க வேண்டும். அவர் மகனும் மாப்பிள்ளை போகிற அதே ஜிம்தான். ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் சொந்தப் பெயரில் வேண்டாம், உடற்கட்டுப் போட்டி நடத்துகிறவர்கள் கைக்குப் போனால் வம்பு என்பது அங்கே பயிற்சி கொடுக்கிற மாஸ்டரின் கட்டளையாம். எனக்கு எதிரே ஓர் இளைஞன், முப்பது வயது இருக்கும், சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்தது. படிவம் நிரப்ப எனக்குப் பேனா கொடுத்தான். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வருகிறானாம். என்ன வேலை தம்பி என்று கேட்டேன். "முன்னாடி ஆணழகன் சார்" என்றான். சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

மாப்பிள்ளையை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிற பழக்கம் எனக்கில்லை என்பது தாங்கள் அறிந்ததுதான். எனவே நேரே ஜிம்முக்குப் போனேன். வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு படம். உடம்பெல்லாம் பழுப்புச் சாயம், கையில் கோப்பை, நரம்பெல்லாம் தோலுக்கு வெளியே வந்து நிற்கிறது. முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேனா கொடுத்த பையன். இவர் இப்போது எங்கே என்று மாஸ்டரைக் கேட்டேன். ரெஸ்டில் இருக்கிறார் என்றார், ஏதோ இரண்டு நாள் லீவு போட்டிருப்பது போல. உள்ளே ஒருவர் உப்பில்லாமல் அவித்த கோழியைத் தராசில் நிறுத்து நிறுத்துத் தின்றுகொண்டிருந்தார். கோழிக்கும் அவருக்கும் யார் அதிகப் பாவம் என்று சொல்ல முடியவில்லை. இன்னொருவர் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு தரையில் கிடந்தார், இரண்டு பேர் அவர் பாதத்தை வளைத்துப் பிடித்திருந்தார்கள். பெரிய கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ். சோதனை போட்டே பழகிய கை சும்மா இருக்குமா, திறந்துவிட்டேன். உள்ளே முழுக்க மருந்துக் குப்பிகள். பாதிக்கு லேபிள் இல்லை, மீதி லேபிளில் குதிரைப் படம். மாஸ்டர் கணக்குப்படி, போட்டிக்கு முந்தின இரண்டு நாள் சொட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாதாம். உடம்பில் மிச்சமிருக்கிற தண்ணீரையும் மாத்திரை போட்டு வெளியே அனுப்ப வேண்டுமாம். அப்போதுதான் தோல் சதையோடு ஒட்டிக்கொண்டு வரிவரியாகத் தெரியுமாம். எவ்வளவு நேரத்துக்கு இந்தப் பாடு என்று கேட்டேன். மேடையில் ஏழு நிமிடம் என்றார் மாஸ்டர் பெருமையோடு.

அதற்குமேல் பழக்கமாவது ஒன்றாவது. அன்று சாயங்காலமே மாப்பிள்ளையை மாடிப்படியில் பிடித்துக்கொண்டேன். என் பெயரைத் திருடினீர்களா என்றேன். அவர் மறுக்கவில்லை, குனிந்த தலை நிமிரவில்லை. அத்தனை பெரிய உடம்பு நாலு படி ஏறியதற்கே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியது. வருகிற வழியில் டாக்டரம்மாவிடம் கேட்டு வந்ததை அப்படியே ஒப்பித்தேன். இப்போதே எல்லாவற்றையும் நிறுத்தினால் சிறுநீரகம் தேறிவிட வாய்ப்பு உண்டு. இன்னும் ஒரே ஒரு தடவை தண்ணீரை நிறுத்தி அந்த மாத்திரையையும் போட்டால் தேறாது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு அவர் சொன்ன பதில் இது:

"மேடையில கிட்னி தெரியாது மாமா."

கைப்பிடியை விடாமலே மேலும் சொன்னார். "இந்த ஒரு தடவை மட்டும் விட்டுடுங்க மாமா. அப்பா வர்றார். முன்வரிசையில சீட்டு எடுத்து அனுப்பிட்டேன். சின்ன வயசுல என்னை ஒட்டடைக்குச்சின்னுதான் கூப்பிடுவார். ஒரே ஒரு தடவை அவர் பார்த்துட்டார்னா போதும்."

சம்பந்தி, தாங்கள் விளையாட்டாகத்தான் கூப்பிட்டிருப்பீர்கள். பிள்ளைகளை அப்படிக் கூப்பிடாத வீடு எது? நானும் என் தம்பியைத் தேவாங்கு என்று கூப்பிட்டவன்தான். குற்றம் சொல்ல எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் குற்றம் சொல்லத்தான் எழுதுகிறேன், மன்னிக்கவும். முப்பத்திரண்டு வயதில் ஒரு மனிதர் குதிரைக்குப் போடுகிற ஊசியைப் போட்டுக்கொண்டு, தன் அப்பா முன்னால் ஏழு நிமிடம் நிற்பதற்காகச் சாகத் துணிந்திருக்கிறார். டாக்டர் சொல்லி அவர் கேட்கப் போவதில்லை, நான் சொல்லிக் கேட்கவில்லை. தாங்கள் சொன்னால் கேட்பார். போட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை. தாங்கள் வியாழக்கிழமையே புறப்பட்டு வர வேண்டும். அந்த முன்வரிசைச் சீட்டைத் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள். வந்து, அவர் சட்டை போட்டிருக்கும்போதே அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்து, பார்த்துவிட்டேன் போதும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், அவருடைய சொந்தப் பெயரில்.

தாங்கள் வராவிட்டாலும் நான் விடுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த முதல் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நானே மேடை ஏறுவேன். காகிதப்படி அந்த ஊசியெல்லாம் போட்டுக்கொண்ட போட்டியாளன் நான்தானே? சட்டையைக் கழற்றிவிட்டு, சிலிண்டர் தூக்கியதிலிருந்து கட்டியிருக்கிற இடுப்பு பெல்ட்டோடு நடுவர்களுக்கு முன்னால் நிற்பேன். இறக்க வேண்டுமானால் நாலு பேர் தூக்கித்தான் இறக்க வேண்டும். தலைமையாசிரியை அம்மாவும் கூட வருகிறார், மைக் பிடித்துப் பேசுவதற்கு. என் மனைவிக்கு மட்டும் எல்லாம் சொல்லிவிட்டேன். நான் யோக்கியன் என்று தெரிந்த சந்தோஷத்தில் எனக்கு ஒரு புது பனியன் வாங்கி வைத்திருக்கிறாள். என் மகளிடம் மட்டும் ஒரு வார்த்தை மூச்சுவிடவில்லை. அவளுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள். எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற, சூது வாது அறியாத பெண் அவள் என்பது தங்களுக்கே தெரியும். தாங்கள் வந்திருக்கும்போதும் அவள் காதில் இது விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். தங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உள்ளும் புறமும் ஆரோக்கியம் நிலைக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் தங்கள் அன்புக்கும், இந்தக் கடிதத்துக்குப் பிறகு தங்கள் கோபத்துக்கும் உரிய,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது என் மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். மறைப்பதற்குள் வாங்கிப் படித்துவிட்டாள். படித்து முடித்து, பரிசோதனை நிலையத்தில் படிவத்தை எழுதியது அவர் இல்லை, தான்தான் என்றாள். மாஸ்டர் வேறு பெயரில் ரத்தம் கொடுக்கச் சொன்னாராம். மாப்பிள்ளை ஏதோ ஒரு பொய்ப் பெயரைத்தான் கொடுக்க இருந்தாராம். அலமாரியிலிருந்து என் அட்டையை எடுத்துக் கொடுத்து அவரைக் கூட்டிப் போனதே இவள்தானாம். ஏனம்மா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "ரிப்போர்ட் அவர் கையில கிடைச்சா மடிச்சுப் பையில வெச்சுப்பார். என் கையில கிடைச்சா நான் அழுதுட்டிருப்பேன். உங்க பேர்ல வந்தா நீங்க டாக்டர், லேப், ஜிம்முன்னு ஒரு இடம் விடாம ஏறி இறங்கிடுவீங்கப்பா" என்றாள். படியில் நான் அத்தனை பேச்சுப் பேசியபோது, உங்கள் பெண்தான் எழுதினாள் என்று மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆகவே மேலே திருடர், ஏமாற்றுக்காரர் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். என் மகள் சூது வாது அறியாதவள் என்ற வரியையும் அடித்துவிடவும். அவள் இரண்டு மாதமாக, தூங்குகிற அவர் மார்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாளாம். வியாழக்கிழமை வரை வேண்டாம் சம்பந்தி, இதைப் படித்ததும் கிளம்பி வந்துவிடுங்கள்.