ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் ஒரு பாட்டு

"எழுத்துல அனுமதி வேணுமாம். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள!"

இயக்குநர் இதை மூன்றாவது முறையாகச் சொன்னார். அவருடைய மனைவி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். படத்தின் எடிட்டரும் அவள்தான்.

"இல்லேன்னா?"

"படத்தைப் பட்டியல்லேர்ந்தே தூக்கிடுவாங்களாம்."

நான்கு வருட உழைப்பு. இரண்டு அறை வீட்டில் ஒன்றை எடிட்டிங்குக்குக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் சமையல், படுக்கை, சண்டை எல்லாம் நடத்திய நான்கு வருடங்கள். ஒரு வழியாகத் திரைப்பட விழா ஒன்று படத்தைத் தேர்ந்தெடுத்தது. இப்போது விழா அலுவலகத்திலிருந்து இந்தக் கடிதம். ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் ரேடியோவில் ஒரு பழைய பாட்டு ஒலிக்கிறதே, அதற்கு உரிமையாளரிடம் அனுமதி வாங்கியாயிற்றா?

வாங்கவில்லை. ஊரே முணுமுணுக்கிற பாட்டுக்கு யாரிடம் போய் அனுமதி கேட்பது என்று இருந்துவிட்டார் மனுஷன்.

"அதை எடுத்துட்டு வேற ஏதாவது போட்டுடலாமேங்க?"

"என்ன பேசற நீ! உங்கப்பா கண்ணுல அந்தத் தண்ணி எப்படி வந்துச்சு? அந்தப் பாட்டாலதானே?"

படத்தின் நாயகனே அவளுடைய அப்பாதான். நாற்பது வருடம் கடிகாரம் பழுது பார்த்தவர். நடிப்பு என்றால் கிலோ என்ன விலை என்று கேட்பவர். மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொல்வதா என்று வந்து நின்றுவிட்டார். படம் முழுக்கக் கல்லுளிமங்கன் போல முகத்தை வைத்திருந்தவர், அந்த ஒரு காட்சியில், பாட்டின் இரண்டாவது வரி வந்ததும் உதடு துடிக்க, பொலபொலவென்று கண்ணீர் விட்டார். படப்பிடிப்பில் இருந்த அத்தனை பேரும் கூடவே அழுதார்கள். விழாக்காரர்கள் பாராட்டியதும் அந்தக் காட்சியைத்தான்.

"பாட்டு இல்லேன்னா அந்தக் கண்ணீர் இல்ல. கண்ணீர் இல்லேன்னா படமே இல்ல," என்று சொல்லிக்கொண்டே இயக்குநர் பாட்டுக் கம்பெனிக்கு ஃபோன் போட்டார்.

எடுத்த அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார். "நாற்பது விநாடிதானே சார்? திரைக்கதையை அனுப்புங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

சந்தோஷத்தில் இயக்குநர் உடனே அனுப்பிவிட்டார். அனுப்பிய பிறகுதான் மனைவிக்குச் சந்தேகம் வந்தது.

"எந்தத் திரைக்கதையை அனுப்பினீங்க?"

"முதல்ல எழுதினதுதான். அதுலதான் உணர்ச்சி நல்லா இருக்கும்."

"ஐயையோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். மனதுக்குள் ஒரு பாட்டு ஓடாமல் அவருக்கு ஒரு காட்சியும் எழுத வராது. ஓடுகிற பாட்டைக் காட்சிக்கு மேலே பல்லவியிலிருந்து கடைசிச் சரணம் வரைக்கும் அழகாக எழுதியும் வைப்பார்.

ஃபோன் வந்தது. "சார், ஒரு பாட்டுன்னு சொன்னீங்க. இதுல பதினாலு இருக்கே!"

"அதெல்லாம் சும்மா மேடம். மனசுக்குள்ள ஓடினது."

"மனசுக்குள்ள ஓடினதை ஏன் சார் எழுத்துல குடுத்தீங்க? இனி பதினாலையும்தான் நாங்க பார்க்கணும்."

"வேணாம் மேடம், படத்தையே அனுப்பிடறேன். நீங்களே பாருங்க. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும்!"

"ஏங்க, கொஞ்சம் பொறுங்க..." என்று மனைவி எழுந்து வருவதற்குள் படம் போய்விட்டது.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அதே அம்மாள். "சார், ஏழாவது நிமிஷத்துல பெரியவர் சவரம் பண்ணிக்கிட்டே ஏதோ பாடறாரே, அதுவும் எங்க பாட்டுதான். இது உங்க பதினாலுலயும் இல்ல."

எடிட்டிங்கில் தினமும் பார்த்த காட்சி. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேர் காதிலும் அது விழுந்ததே இல்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

"அடுத்த வாரம் எங்க கூட்டத்துல வைக்கறேன் சார். அதுக்கு முன்னாடி முடியாது."

"இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வேணும் மேடம்!"

"அஞ்சு மணிக்கு நான் வீட்டுக்குக் கிளம்பிடுவேன் சார்."

மணி இரண்டு. ஒலிப்பதிவாளரை வரவழைத்தார்கள். அவரை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். சவரக் காட்சியை மனைவி அரை நிமிடத்தில் வெட்டி எறிந்தாள். ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில்தான் காது கையை விரித்தார். "அன்னிக்கே சொன்னேன் சார், பாட்டை அப்புறம் சேர்த்துக்கலாம்னு. நீங்கதான் நிஜமா ஓடினாத்தான் உணர்ச்சி வரும்னு ரேடியோவை அவர் பக்கத்துலயே வெச்சீங்க. இப்ப பாட்டை எடுத்தா, அவர் பேச்சும் கூடவே போயிடும்."

எடுத்துப் பார்த்தார்கள். போயே விட்டது. பெரியவர் சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"பல் டாக்டர்கிட்ட உட்கார்ந்த மாதிரி இருக்கு," என்றாள் பெற்ற மகள்.

காது தன் கீபோர்டைத் தட்டி ஒரு டியூன் போட்டார். இருபது நிமிடத்தில் போட்டதற்கு அது மோசமில்லை. காட்சிக்குக் கீழே ஓட்டிப் பார்த்தார்கள்.

"இப்ப கடைசி பஸ்ஸை விட்டுட்டு அழற மாதிரி இருக்கு."

"நீ சும்மா இருக்கியா!" என்று கத்திய இயக்குநர், சட்டென்று குரல் உடைந்து உட்கார்ந்துவிட்டார். "பயமா இருக்குடி. நாலு வருஷமும் வீணாப் போயிடுமோன்னு பயமா இருக்கு. தெரிஞ்சவங்க எல்லாருக்கும் சொல்லிட்டோம். இனி யார் மூஞ்சியில முழிக்கிறது?"

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். இந்த நான்கு வருடத்தில் அவர் இப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"காது டியூனை வெச்சுக்கலாம். அப்பா முகத்தை மட்டும், பேச்சே இல்லாம, புதுசா எடுத்து ஒட்டிடறேன். ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கார், வரச் சொல்றேன்."

"பாட்டு இல்லாம அவர் எப்படி அழுவார்?"

"வேற வழி இருக்கா? கேமராவை எடுத்து ஸ்டாண்டுல மாட்டுங்க."

மூன்றே முக்காலுக்குப் பெரியவர் வந்தார். அந்தக் காட்சியில் போட்டிருந்த அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, மகள் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். இயக்குநர் மாமனாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மாமா, அன்னிக்கு மாதிரியே ஒரே ஒரு தடவை அழணும். என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு. ஆனா அந்தப் பாட்டு இருக்காது. பாட்டு இல்லாம உங்களால முடியுமா?"

பெரியவர் மகளைப் பார்த்தார். ஸ்டாண்டில் நின்ற கேமராவைப் பார்த்தார். வலது காலை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"பாட்டு எதுக்கு மாப்பிள்ளை, அன்னிக்கு என் கால் மேல ஏத்தினீங்களே, அந்தக் கேமரா வண்டியைக் கொண்டாங்க போதும், ஆனா இந்தத் தடவை இடது கால்ல ஏத்தச் சொல்லுங்க, வலது கட்டைவிரல்ல இப்பதான் நகம் முளைச்சிருக்கு."