அணிவகுப்புக்கு வந்த அரைக்கால் சட்டைகள்

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு இருவரும் நலம். நான் வேலையை விட்டேன் என்று கேட்டதிலிருந்து தங்கள் தங்கையின் குரல் மட்டும் கூடுதல் நலம். அங்கு அனைவரும் சுகம்தான் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இருபத்தாறு வருடமாக ராணுவ முகாமின் தையல்கூடத்தில் நான்தான் மாஸ்டர். எந்தத் தொப்பை எந்த மாதம் எத்தனை அங்குலம் பெருத்தது என்பது டாக்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட என்னை ஓரங்கட்டிவிட்டு, அமைச்சர் பார்வையிடும் அணிவகுப்புக்கான சீருடைகளைக் கடல் கடந்த ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். "செலவு மிச்சம் மாஸ்டர்" என்றார் கர்னல். செவ்வாய்க்கிழமை பெட்டிகள் வந்தன. பிரித்தால் நூற்றிருபது சிவப்பு பனியன், நூற்றிருபது பளபள அரைக்கால் சட்டை, எல்லா முதுகிலும் ஒன்பதாம் எண்! நகரத்துக் கால்பந்து கிளப் தன் ரசிகர்களுக்கு விற்பதற்காக அதே கம்பெனியில் தைக்கக் கொடுத்த சரக்காம், பெட்டி மாறி வந்துவிட்டது. அணிவகுப்போ வெள்ளிக்கிழமை. கர்னல் முகம் பனியன் நிறத்துக்கு வந்தது. கம்பெனிக்குப் போன் போடும் வேலை என் தலையில் விழுந்தது. ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று விரல் தேய்ந்தபின் எந்த நாட்டிலிருந்தோ ஒரு பெண் பேசினாள்.

"உங்க புகார் எங்களுக்கு ரொம்ப முக்கியம் சார். ஷார்ட்ஸ் லூசா, டைட்டா?"

"ஐயோ, ஷார்ட்ஸே வேண்டாம்மா!"

"அப்ப ஷார்ட்ஸ் வரலைன்னு எழுதிக்கிறேன். இன்னொரு நூத்திருபது அனுப்பிடறோம் சார்."

மறுநாள் முகாம் ஜீப்பில் கிளப்புக்கே ஓடினேன். எங்கள் சீருடைகள் அங்கேதான் இருந்தன. ஆனால் கிளப்பின் நட்சத்திர ஆட்டக்காரரான அந்த ஒன்பதாம் எண்காரர், பந்தை ஒரு தடவை உதைப்பதற்கு என் ஆறு மாதச் சம்பளத்தை வாங்குகிறவர், கர்னலின் உடுப்பை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறார்! என் டிரைவர் விறைத்து நின்று சல்யூட் வைத்துவிட்டான்.

"தம்பி, கழட்டுங்க. இது அரசாங்க உடுப்பு."

"முடியாது மாஸ்டர். எங்க டிரவுசர்ல பாக்கெட்டே கிடையாது. இதுல ஆறு இருக்கு."

கெஞ்சினேன், மிரட்டினேன், கண்ணீர்கூட வந்தது. மனிதர் அசையவில்லை. ஆனால் இடுப்பில் கால்சட்டை நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே பேசினார். அதைப் பார்த்தபின் என் கை சும்மா இருக்குமா? சட்டைக் காலரில் செருகியிருந்த ஊசியை எடுத்து, நின்ற இடத்திலேயே இரண்டு மடிப்பு வைத்துத் தைத்தேன். கையை விட்டுப் பார்த்தார், கால்சட்டை நின்றது. குழந்தை மாதிரி துள்ளினார். பதினொரு பாக்கெட்டோடு ஒன்று தைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் எல்லாவற்றையும் திருப்பித் தந்தார்.

கொண்டுவந்து பார்த்தால் ஒவ்வொரு கால்சட்டையும் ஒட்டகச்சிவிங்கிக்கு வெட்டியது! வியாழன் முழுக்க நாங்கள் நான்கு பேர் குனிந்த தலை நிமிராமல் மடித்துத் தைத்தோம். வெள்ளிக்கிழமை அணிவகுப்பு ஜம்மென்று நடந்தது. அமைச்சர் ஒரு வீரனின் தோளைத் தட்டி, "வெளியில கொடுத்தா என்ன நேர்த்தி பாருங்க! இனிமே எல்லாத்தையும் அங்கயே கொடுத்துடலாம். இங்க தையல்கூடம் எதுக்கு?" என்றார். கர்னல் பூட்ஸைப் பார்த்தார். நான் கத்தரிக்கோலை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெளியாரிடம் வேலை கொடுக்கும் ஈனப் புத்தியும், பந்து உதைக்கிறவனுக்குக் கொட்டிக் கொடுக்கும் கூத்தும் இருக்கும்வரை இந்த உலகம் உருப்படாது. என் உயிர் உள்ளவரை இரண்டின் பக்கமும் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும். தங்கள் தங்கை தனியாக எழுதுவாள். அதை நம்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஒன்பதாம் எண்காரர் காரில் வந்து இறங்கி, என்னைத் தன் சொந்தத் தையல்காரராக அமர்த்திக்கொண்டார். சம்பளத்தைக் கேட்டதும் தங்கள் தங்கை நாற்காலியைத் தேடினாள். தங்கமான பிள்ளை, வாங்குகிற காசுக்கு மேலேயே உதைக்கிறார். தங்கள் மகன் கல்யாணத்துக்குக் கோட்டு தைக்க இனி எனக்கு நேரம் ஏது? அதை அந்தக் கடல் கடந்த கம்பெனியிடமே கொடுத்துவிட்டேன். அளவில் குறையிருந்தால் எனக்கு எழுத வேண்டாம். ஒன்றை அழுத்தவும், பிறகு நான்கு.