முப்பது அங்குலத்துக்கு ஒரு ஆணி

எர்வின் கோலார் வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஒரு ஆணி இருந்தது. பதினோரு வருஷமாக அதற்கு ஒரு வேலையும் இல்லை. டி.வி.க்கு மேலே, நட்டநடுச் சுவரில், ஜம்மென்று நீட்டிக்கொண்டு நின்றது. அதில் காலண்டர் மாட்டக்கூடாது. கடிகாரம் மாட்டக்கூடாது. மாமியார் படமா? வாயைத் திறக்கவே கூடாது. அந்த ஆணி முப்பது அங்குல டிரவுட் மீனுக்காக ஒதுக்கப்பட்டது.

அந்த மீன் இன்னும் பிடிபடவில்லை என்பது சின்ன விஷயம்.

டெக்ஸஸ் கடற்கரையில், போர்ட் லவினியா மாதிரி ஊர்களில், ஆம்பிளை என்று சொல்லிக்கொள்கிறவன் படகில் உட்கார்ந்தபடி டிரவுட் பிடிக்க மாட்டான். படகை நிறுத்திவிட்டு இறங்குவான். தொடையளவு உப்புத் தண்ணீரில், கடற்புல் காலைச் சுற்ற, பாதத்தைத் தரையோடு இழுத்து இழுத்து நடப்பான். தூக்கி வைத்தால் திருக்கை மேல் மிதித்துவிடுவான், பிறகு ஒரு வாரம் கட்டிலில் கிடந்து கத்துவான். பெரிய மீன் மாட்டினால் அளந்து, படம் எடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவான். அளவைக் கொடுத்தால் அச்சு அசலாகப் பொம்மை மீன் செய்து தர ஆள் இருக்கிறது. முப்பது அங்குலம் பிடித்தவனுக்கு தூண்டில் இரை விற்கும் கடைக்காரன் ரஸ்டி எழுந்து நின்று காபி கொடுப்பான். எர்வின் தன் காபியைத் தானேதான் ஊற்றிக்கொள்ள வேண்டும். அவன் பிடித்ததில் பெரியது இருபத்தாறே கால். அந்தக் கால் அங்குலத்தை அவன் எவனுக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்த ஆணி மேல் இன்னொருத்திக்கும் கண் இருந்தது. அவன் மனைவி டார்லீன். ஒட்டுத்துணி விரிப்பு தைப்பதில் கெட்டிக்காரி. ஆறு வருஷத்துக்கு முன் அவள் தைத்த ஒரு விரிப்பு மாவட்டக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. வாங்கிய கையோடு பெட்டிக்குள் போனது. ஆறு வருஷமாகப் பூச்சி உருண்டைகள் மட்டும்தான் அதைப் பார்த்துப் பாராட்டிக்கொண்டிருந்தன.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேஜையில் பேச்சு ஆரம்பித்தது.

"எர்வின், அந்த ஆணி சும்மாத்தானே இருக்கு?"

"சும்மா இல்ல. காத்துக்கிட்டிருக்கு."

"பதினோரு வருஷமாவா?"

"பெரிய மீனுக்குப் பொறுமை வேணும் டார்லீன். அதெல்லாம் உனக்குப் புரியாது."

"யாருக்குப் பொறுமை வேணும்? உனக்கா, ஆணிக்கா? பேசாம அந்த இருபத்தாறையே மாட்டிக்கோயேன்."

"இருபத்தாறே கால்!"

"சரி, அந்தக் காலையும் சேர்த்து மாட்டு."

எர்வின் சாசேஜை வெட்டினான். வெட்டிய வேகத்தில் தட்டு கீச்சிட்டது.

"ஒரு பந்தயம்" என்றாள் டார்லீன். "வர்ற சனிக்கிழமை நானும் கூட வர்றேன். யாரு மீன் பெருசோ ஆணி அவங்களுக்கு. அதுக்கப்புறம் ஜென்மத்துக்கும் அந்த ஆணியப் பத்தி நான் பேச மாட்டேன்."

எர்வினுக்கு வந்த சிரிப்பில் வாயிலிருந்த பீன்ஸ் ஒன்று மூக்கு வழியாக வரப் பார்த்தது.

"நீயா? கல்யாணமாகி பத்தொன்பது வருஷத்துல ஒரு நாளாவது தூண்டிலைத் தொட்டிருக்கியா?"

"தொட விட்டாத்தானே?"

"சரி. பந்தயம். அப்புறம் அழக்கூடாது."

"நான் எதுக்கு அழப்போறேன், ஹனி?"

டார்லீன் 'ஹனி' என்று கூப்பிட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பது பத்தொன்பது வருஷக் கணவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எர்வினுக்கு யோசிக்க நேரம் இல்லை. அவன் அதற்குள் திட்டம் போட ஆரம்பித்துவிட்டான்.

அவனுக்கு ஒரு ரகசிய இடம் இருந்தது. ஏக்கர் ஏக்கராகக் கிடக்கும் கடற்புல்லுக்கு நடுவே, சாப்பாட்டு மேஜை அகலத்துக்கு ஒரு வெள்ளை மணல் குழி. தண்ணீர் வடியும் நேரத்தில் பெரிய டிரவுட்டுகள் அதன் ஓரமாகப் படுத்துக்கொண்டு, தப்பி வரும் மடவை மீன் குஞ்சுகளைக் காத்திருந்து அடிக்கும். ரஸ்டி பத்து தடவை கேட்டுப் பார்த்தான், சொல்லவில்லை. சாகும்போது பாதிரியார் கேட்டாலும் எர்வின் சொல்வதாக இல்லை. ஆகவே திட்டம் சுலபம். டார்லீனை எதிர்ப்பக்கம் மொட்டை மணலில் இறக்கிவிடுவது. அங்கே நண்டைத் தவிர உயிரினம் கிடையாது. தான் மட்டும் குழிக்குப் போவது. இதற்குப் பெயர் ஏமாற்று இல்லையாம், அனுபவமாம்.

அடுத்த மூன்று நாளும் சாயங்காலம் டார்லீன் பின்புறத் தோட்டத்தில் ஒரு வாளியை வைத்து, அதைக் குறிபார்த்துத் தூண்டில் வீசிப் பழகினாள். இரண்டாம் நாளே நூல் முனையில் கட்டிய பொய் மீன் வாளிக்குள் விழுந்தது. "குருட்டு அதிர்ஷ்டம்" என்றான் எர்வின். மூன்றாம் நாள் ஒன்பது முறை விழுந்தது. எர்வின் உள்ளே போய் டி.வி. பார்த்தான்.

சனிக்கிழமை காலை. தென்கிழக்குக் காற்று சீராக அடித்தது. படகில் போகும்போது எர்வின் பாடம் நடத்தினான்.

"டிரவுட் கூட்டமாத் தின்னா தண்ணி மேல எண்ணெய் மாதிரி பளபளன்னு ஒரு படலம் வரும். அதுல என்ன வாசம் அடிக்கும் தெரியுமா?"

"என்ன வாசம்?"

"தர்பூசணி. அப்பத்தான் அறுத்து வெச்ச தர்பூசணி. இந்தக் கரையில எத்தனையோ பேருக்கு மூக்கு இருக்கு. ஆனா அந்த வாசத்தை அரை மைலுக்கு அப்பால பிடிக்கிற மூக்கு ஒண்ணே ஒண்ணுதான்."

"அடேயப்பா!" என்றாள் டார்லீன். இதை அவள் குறைந்தது ஆயிரம் முறை கேட்டிருப்பாள். ஆச்சரியப்படுவதில் அவளுக்கு நல்ல பயிற்சி.

நடுவில் படகை நிறுத்தி இருவரும் இறங்கினார்கள். டார்லீன் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மிதக்கும் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அதுல என்ன?"

"டிபன்."

"மீன் பிடிக்க வந்தியா, பிக்னிக் வந்தியா?"

"பசியோட எப்படிப் பொறுமையா இருக்கறது?"

அவளைத் தென்கிழக்கே மொட்டை மணலில் கொண்டுபோய் நிறுத்தினான். "இதான் இருக்கறதுலயே நல்ல இடம். உனக்காக விட்டுக்கொடுக்கறேன்" என்றான். முகத்தில் ஒரு வெட்கம் இருக்க வேண்டுமே, இல்லை. திரும்பி, வடமேற்கே தன் குழியை நோக்கிக் காலை இழுத்து நடந்தான்.

பாதி தூரம் போயிருப்பான். மூக்கு விடைத்தது.

தர்பூசணி!

எர்வின் நின்றான். காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தது. ஒரு வாசம் என்றா சொல்வது, முழுப் பழத்தையே முகத்தில் அப்பியது மாதிரி. திரும்பிப் பார்த்தான். டார்லீனைச் சுற்றித் தண்ணீர் மேல் வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் மினுங்கியது. ஒன்றுமே தெரியாத பெண்பிள்ளை காலடியில் டிரவுட் கூட்டம் விருந்து சாப்பிடுகிறது! வந்த வழியே விறுவிறுவென்று திரும்பினான்.

"டார்லீன், நீ இங்க நிக்காதே."

"ஏன்? நல்ல இடம்னு நீதானே சொன்னே?"

"இப்பத்தான் பார்த்தேன், திருக்கை நிறைய இருக்கு. உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்றது?"

"எனக்கு இங்கதான் வசதியா இருக்கு."

"சொன்னாக் கேளு. வேற எங்க வேணா போ."

"எங்க வேணாமா?"

"எங்க வேணா."

"அப்புறம் அங்க நிக்காதே, இங்க நிக்காதேன்னு துரத்த மாட்டியே?"

"சத்தியமா மாட்டேன். கிளம்பு, கிளம்பு!"

டார்லீன் பெருமூச்சு விட்டாள். பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள். படகைத் தாண்டினாள். இடப்பக்கம் பார்க்கவில்லை, வலப்பக்கம் பார்க்கவில்லை. வடமேற்கே, கோடு போட்டது மாதிரி, நேராகப் போனாள். ஐயோ, அது என் குழியாச்சே! வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சொன்னால் ரகசியம் போச்சு.

"டார்லீன்! அங்கயும் திருக்கை!"

"காலை இழுத்துத்தான் நடக்கறேன், ஹனி!"

"அந்தப் பக்கம் ஆழம்!"

"முழங்கால்தான் வருது!"

"அங்க மீனே கிடையாது!"

"அப்ப உனக்கென்ன கவலை?"

எர்வின் எண்ணெய்ப் படலத்துக்குள் தூண்டிலை வீசினான். முதலில் ஒரு கெளிறு வந்தது. பிறகு அதன் தம்பி வந்தது. அப்புறம் நூலைப் பிடித்துக்கொண்டு ஒரு நண்டு வந்து, அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. வாசம் மட்டும் குறையவே இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து, காற்று வரும் பக்கமிருந்து ஏதோ மிதந்து வந்து அவன் தொடையில் மெதுவாக முட்டியது.

குனிந்து எடுத்தான். பச்சைக் கோடு போட்ட தர்பூசணித் தோல். சதைப் பக்கம் பல் தடம். முன்பல் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. அந்த இடைவெளியை அவன் பத்தொன்பது வருஷமாகச் சோளக் கதிர்களில் பார்த்து வருகிறான்.

பின்னாலேயே ஆடி அசைந்து இன்னும் ஏழு தோல் வந்தன. கடைசியில் காலி மத்தி டின் ஒன்றும் எண்ணெய் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்து டார்லீனின் தூண்டில் ரீல் வீறிட்டது. எர்வின் திருக்கையை மறந்தான், பந்தயத்தை மறந்தான், காலைத் தூக்கிப் போட்டுத் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு ஓடினான். வெள்ளை மணல் குழிக்கு மேல் ஒரு மீன் வாயைத் திறந்து தலையை உதறியது. உள்வாய் மஞ்சளாகத் தெரிந்தது. அப்படி ஒரு டிரவுட்டை அவன் கனவில்தான் பார்த்திருக்கிறான். கனவில் தூண்டில் அவன் கையில் இருக்கும்.

அவனே அளந்தான். ஒரு தடவை அளந்தான். அளவுகோலைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை அளந்தான். முப்பதே கால். உண்மையைச் சொன்னால், அவனுக்கு அழுகையே வந்தது. டார்லீன் மீனைத் தாங்கிப் பிடித்து, அது செவுள் விரித்து மூச்சு வாங்கும் வரை காத்திருந்து, புல்லுக்குள் விட்டாள்.

"ஏமாத்திட்டே!"

"நான் என்ன பண்ணேன்? பசிச்சுது, தர்பூசணியும் மத்தியும் தின்னேன். உன்னைக் கூப்பிட்டேனா? மீன் வந்திருக்குன்னு சொன்னேனா?"

"அந்த வாசம்..."

"உன் மூக்குக்கு என் டிபனுக்கும் டிரவுட்டுக்கும் வித்தியாசம் தெரியலைன்னா நான் என்ன செய்யறது? வேணும்னா ரஸ்டிகிட்டயே நியாயம் கேப்போமா?"

ரஸ்டி கடையில் இந்த நியாயத்தைக் கேட்டால் ஊர் பத்து வருஷம் சிரிக்கும். எர்வின் படகைப் பார்த்து நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை விரிப்பு ஆணியில் ஏறியது. சுவர் முழுக்க நட்சத்திரம் நட்சத்திரமாக, முதல் பரிசுக்குக் கொடுத்த நீல ரிப்பனோடு ஜொலித்தது. எர்வின் கடைசியாக ஒரு முயற்சி செய்தான்.

"முப்பதே கால் அங்குலம். அதுக்கு ஒரு பொம்மை மீன் செஞ்சு மாட்டலாமே? வீட்டுக்கே பெருமை."

"ஆணி ஒண்ணுதானே இருக்கு."

பிறகு அவனை அரித்துக்கொண்டிருந்த கேள்வி வெளியே வந்தது.

"அந்தக் குழியை உனக்கு யாரு காட்டினது? ரஸ்டி மோப்பம் பிடிச்சுட்டானா?"

"உன் பேன்ட்தான் காட்டுச்சு."

"பேன்ட்டா?"

"வாராவாரம் நான்தானே துவைக்கறேன்? நீ வெறுங்கையோட வந்தா பாக்கெட்டுல சேறு. பெரிய மீன் பிடிச்சேன்னு குதிச்சுக்கிட்டு வந்தா வெள்ளை மணலும் பட்டையான புல்லும். அது ரெண்டும் சேர்ந்து இருக்கிற இடம் எதுன்னு போன கோடையில என் தங்கச்சி படகுல போய்ப் பார்த்துட்டு வந்தேன். அரை நாள் வேலை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எர்வின் தன் பேன்ட்டைத் தானே துவைக்கிறான். தடயம் சிக்கக்கூடாது அல்லவா? ஒரு பேன்ட்டுக்காக மெஷினை ஓட்டுவது வீண் என்று டார்லீன் தன் துணிகளையும் அதிலேயே போட்டாள். பிறகு படுக்கை உறைகள் வந்தன, திரைச்சீலைகள் வந்தன. மாதம் ஒரு முறை ஆணியிலிருந்து அந்த விரிப்பை இறக்கித் துவைத்து, காயவைத்து, திரும்ப மாட்டுவதும் அவன்தான். அதை மட்டும் கையால் துவைக்க வேண்டும். மெஷினில் போட்டால் தையல் விட்டுப்போகுமாம்.