ஒரு விரல் கூடுதல்

"எண்ணுங்க சார்."

"என்னத்தம்மா எண்ணணும்?"

"விரலை."

பதிப்பகத்தின் எடிட்டர் அம்மா மேசைமேல் விரித்து வைத்திருந்த அட்டைப்படத்தை ரப்பர் சார் குனிந்து பார்த்தார். குழந்தைகளுக்கான புத்தகம். பாதி திறந்த கதவு. அதன் வழியே ஒரு பொட்டலத்தைத் தாங்கி நீட்டும் பெரிய கை. படத்தில் முக்கால்வாசி கைதான். மூன்று வாரத்துக்கு முன் அவர் வரைந்து கொடுத்தது, அச்சுக்குப் போகக் காத்திருந்தது.

கட்டைவிரலில் தொடங்கி எண்ணினார். ஆறு வந்தது. அவசரத்தில் தப்பாக எண்ணிவிட்டோம் என்று சுண்டுவிரலில் தொடங்கி இந்தப் பக்கமாக வந்தார். அப்போதும் ஆறு. கடைசியில் தன் கையையே பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். தன் கையில் ஐந்துதான் இருந்தது.

"நான் சொல்லலை மேடம்?" என்றார் ஜன்னலோரம் நின்றிருந்த விற்பனை மேலாளர். வயது முப்பதுக்குள். எதையும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுகிற மனிதர், அதாவது அப்படி அவரே சொல்லிக்கொள்வார். "ஆறு விரல்னாலே அது ஏ.ஐ. போட்ட படம். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"அய்யய்யோ, நான்தாங்க வரைஞ்சேன்!"

"அப்ப உங்களுக்கு அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியாதா சார்?"

ரப்பர் சாருக்கு ஆமாம் என்றால் ஒரு வம்பு, இல்லை என்றால் இன்னொரு வம்பு.

விஷயம் சாதாரணமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பதிப்பகம் பத்துப் புத்தக வரிசை ஒன்றை ஆரம்பிக்கிறது. எல்லோரும் மெஷினைத் தேடி ஓடும் காலத்தில் இவர்கள் ஒரு மனுஷனைத் தேடி வந்திருந்தார்கள். ஒவ்வொரு அட்டையிலும் 'முழுக்க முழுக்கக் கையால் வரைந்தது' என்று ஒரு முத்திரை. பத்துக்கும் ஓவியர் ரப்பர் சார். கடந்த இரண்டு வருடமாகக் காலண்டரும் வராமல், பாடப்புத்தகமும் வராமல் பென்சில்களைச் சீவிச் சீவி அடுக்கி வைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு இது போன உயிர் திரும்பி வந்த மாதிரி. முத்திரை குத்த வேண்டிய முதல் அட்டையிலேயே இப்படி ஆகிவிட்டது.

"பென்சில் ஸ்கெட்ச் வீட்டுல இருக்கும்மா. நாளைக்கே கொண்டு வந்து காட்டறேன்" என்று எழுந்தார்.

"கொண்டு வாங்க சார்" என்றார் எடிட்டர் அம்மா. "எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு." சொல்லும்போது அவர் கண் மட்டும் அந்த ஆறாவது விரலிலேயே இருந்தது.

ரப்பர் சார் என்ற பெயர் அவருக்கு வந்ததே அவரிடம் ரப்பர் கிடையாது என்பதால்தான். முப்பது வருடத்தில் போட்ட கோட்டை அழித்ததில்லை. எதிரில் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பார்ப்பார், கை தானாகப் போகும். அவர் வரைந்த கரடிகளெல்லாம் அவர் மனைவி உட்காருவது போலவே உட்காரும். தூங்கும் சிங்கங்களெல்லாம் மைத்துனர். வீட்டுக்கு வருகிற பிளம்பர், மீட்டர் பார்க்கிறவர், பார்சல் கொண்டு வருகிற பெண் என்று யாரையும் விட்டதில்லை. "அப்படியே ஒரு நிமிஷம் நில்லுங்க" என்பார். அந்த ஒரு நிமிஷம் பத்து நிமிஷமாகும்.

ஆனால் என்ன வரைந்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கல்யாணமான புதிதில் மனைவியை உட்கார வைத்து வரைந்து, காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் வைத்தார். 'எனக்கு அங்கே மச்சமே கிடையாது, யாரை நினைச்சு வரைஞ்சீங்க' என்று மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. நாலாம் நாள் அந்த அம்மாள் இரண்டு கண்ணாடிகளை முன்னும் பின்னும் பிடித்துப் பார்த்தார். மச்சம் இருந்த இடத்திலேயே இருந்தது. "மச்சமா? நான் கவனிக்கலையே" என்றார் ரப்பர் சார்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் ரப்பர் சார் அவரைக் கூப்பிடுவது 'டீச்சர்' என்றுதான்.

சாயந்திரம் ஸ்கெட்ச் புத்தகத்தைத் தேடி எடுத்து, பக்கத்தைப் புரட்டி, ரப்பர் சார் அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

"என்னாச்சு?" என்று டீச்சர் விடைத்தாள் கட்டைக் கீழே வைத்தார்.

"இதுலயும் ஆறு."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிவப்புப் பேனா முனையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினார். "நோட்டுல சரியா இருந்து ஃபேர்ல தப்பா இருந்தா அது கவனக்குறைவு. ரெண்டுலயும் தப்புன்னா பாடமே புரியலைன்னு அர்த்தம்."

"டீச்சர், நான் உன் ஸ்டூடண்ட் இல்லை."

"என் ஸ்டூடண்டுக்கு அஞ்சு வரும்."

சோபாவில் சிங்கம் போலப் படுத்திருந்த மைத்துனர் எழுந்து உட்கார்ந்தார். "மாமா, கவலையை விடுங்க. ஃபோனைக் கொடுங்க." படத்தை ஒரு போட்டோ எடுத்து, ஏதோ தட்டினார். "ஏ.ஐ. கிட்டயே கேட்டுடலாம், கையைச் சரி பண்ணிக் கொடுன்னு."

"அதுதானே ஆறு விரல் போடும்?"

"அதெல்லாம் பழைய கதை மாமா. அது எப்பவோ திருந்திடுச்சு."

"அது திருந்திடுச்சு" என்றார் டீச்சர், கணவரைப் பார்த்து.

அரை நிமிடத்தில் கை வந்தது. ஐந்து விரல். வழவழவென்று, நகமெல்லாம் மின்ன, சோப்பு விளம்பரத்தில் வருகிற கை. ரப்பர் சார் அதையும் தன் ஸ்கெட்சையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வரைந்த கையில் உள்ளங்கை ஓரம் காய்ப்பு ஏறியிருந்தது. கயிறு அறுத்த தடம் ஒன்று குறுக்கே ஓடியது. ஒரு நகம் உடைந்திருந்தது.

"இந்தக் கை பொறந்ததுலேர்ந்து ஒரு பொட்டலம் தூக்கினதில்லைடா" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். "வேண்டாம்."

"அப்ப ஒண்ணே ஒண்ணுதான் வழி. ஸ்கெட்ச்ல ஒரு விரலை அழிச்சுடுங்க. ஸ்கெட்ச்ல அஞ்சு இருந்தா, ஃபைனல்ல ஏதோ கைதவறி ஆறாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"என்கிட்ட ரப்பர் கிடையாதே."

டீச்சர் தன் பேனாப் பெட்டியைத் திறந்து, பாதி தேய்ந்த ரப்பர் ஒன்றை எடுத்து அவர் முன் வைத்தார்.

முப்பது வருடத்தில் முதல் முறையாக ரப்பர் சார் அழித்தார். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இருந்த குட்டி விரல்தான் உபரி என்று பட்டது. விரல் போய்விட்டது, ஆனால் அந்த இடம் போகவில்லை. உள்ளங்கை அங்கே அகலமாகத் தொடங்கி, எதற்கோ காத்திருந்தது போல வெறுமனே நின்றது. பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அவருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் டீச்சர் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். "தனியா விட்டா வேற எதையாவது எண்ணித் தொலைப்பீங்க" என்பது அவர் சொன்ன காரணம். கணவர் ராத்திரி சாப்பிடவில்லை என்பது சொல்லாத காரணம்.

பதிப்பக வாசலில் கூரியர் பெண் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தாள். இந்த வட்டாரத்துப் பார்சல் முழுக்க அவள்தான். பெட்டிகளை ஒரு பக்கம் இடுக்கி, மறுகையைப் பேன்ட் பைக்குள் விட்டபடி சிரித்தாள். "சார்! நீங்க அன்னிக்கு வரைஞ்ச படம் புத்தகமா வந்துடுச்சா? என் பொண்ணுகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், தினமும் கேட்கறா."

"வரும்மா, வரும்" என்றார் ரப்பர் சார். அவருக்கு இருந்த கலக்கத்தில் யாருக்கு எதைச் சொல்கிறோம் என்றே தெரியவில்லை.

உள்ளே மேலாளர் ஸ்கெட்சை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினார். "அஞ்சு."

"பார்த்தீங்களா!" என்றார் ரப்பர் சார்.

"நல்லாப் பார்த்தேன் சார். ஸ்கெட்ச்ல அஞ்சு, ஃபைனல்ல ஆறு. அதாவது ஸ்கெட்ச் நீங்க போட்டது. அதை மெஷின்ல கொடுத்து ஃபைனல் வாங்கினப்ப அது ஒண்ணு சேர்த்துடுச்சு. இப்பதான் மேடம் எனக்கு முழுசாப் புரியுது."

ரப்பர் சார் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கூரையைப் பார்த்தார். கணக்கில் எங்கே பிசகியது என்று அவருக்கும் தெரியவில்லை.

"வேணும்னா இங்கயே, உங்க எதிர்லயே வரையறேன்" என்றார் ரப்பர் சார்.

எடிட்டர் அம்மா உடனே காகிதம் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு எப்படியாவது இவர் ஜெயித்தால் போதும். மேலாளர் தாராள மனசோடு தன் கையையே மேசைமேல் நீட்டினார். "என் கையைப் பார்த்து வரைங்க."

வாழ்நாளில் முதல் முறையாக ரப்பர் சார் எண்ணிக்கொண்டே வரைந்தார். கட்டைவிரல் ஒன்று. ஆள்காட்டி ரெண்டு. உதடு அசைந்துகொண்டே இருந்தது. நடுவில் சந்தேகம் வந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். டீச்சர் மேசைக்கடியில் தன் விரலை மடக்கி மடக்கி அவருக்குத் துணையாக எண்ணினார். ஐந்தாவது விரல் முடிந்ததும் சட்டென்று பென்சிலைத் தூக்கிக்கொண்டார், எங்கே கை இன்னொன்று போட்டுவிடுமோ என்று.

மேலாளர் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். மழமழவென்று, ஒரு சுருக்கம் இல்லாமல், உயிரில்லாமல் ஒரு கை.

"இது சுத்தமா ஏ.ஐ. மாதிரி இருக்கு" என்றார்.

எடிட்டர் அம்மாவுக்கு இருமல் வந்தது. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

ரப்பர் சாருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "அம்மா, நான் உண்மையைச் சொல்லிடறேன். ஸ்கெட்ச்லயும் ஆறுதான் இருந்தது. நேத்து ஒண்ணை அழிச்சேன். மெஷினும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நான் வரைஞ்சதுதான். எனக்குத்தான் கண்ணு போயிடுச்சு போல."

"ரப்பர் என்னுடையது" என்று டீச்சர் எழுந்தார். "தப்புல பாதி எனக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன் மேடம். இவருக்கு எண்ணத் தெரியாது, சரி. சட்டையில பட்டனைக்கூட ஒண்ணு மாத்திப் போட்டுட்டுத்தான் வெளிய கிளம்புவாரு. ஆனா கண்ணு எதைப் பார்த்ததோ அதைத்தான் வரைவாரு. எனக்கே தெரியாத என் மச்சத்தை வரைஞ்ச மனுஷன்." கணக்கு டீச்சரின் குரல் கம்மியதை ரப்பர் சார் அன்றுதான் கேட்டார்.

எடிட்டர் அம்மா மெதுவாக அட்டைப்படத்தைச் சுருட்டி டிராயருக்குள் வைத்தார்.

"சார், உங்களைக் கைவிட எனக்கு மனசு வரலை" என்றார். "ஆனா முத்திரை குத்தி விக்கப்போற புத்தகம். ஆறு விரலைப் பார்த்தா யாரும் நம்ப மாட்டாங்க."

"அதுக்கு என்கிட்ட ஒரு ஐடியா இருக்கு" என்றார் மேலாளர். அவர் கெட்டவர் இல்லை, நிஜமாகவே உதவத்தான் நினைத்தார். "முத்திரையை விட்டுடலாம். பத்து அட்டையையும் மெஷின் போடட்டும். சார் நம்ம கூடவே இருக்கட்டும். ஒவ்வொரு படம் வந்ததும் விரல் சரியா இருக்கான்னு எண்ணிப் பார்த்துச் சொல்லட்டும்."

முப்பது வருடம் வரைந்த மனிதருக்கு விரல் எண்ணுகிற வேலை. அதுவும் அவருக்கு வராத ஒரே வேலை. ரப்பர் சார் அழுதுவிடுவோமோ என்று பயந்து தலையை ஆட்டினார். சரி என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று அவருக்கே தெரியாது. டீச்சர் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கதவு தட்டப்பட்டது. "மேடம், பார்சலுக்குக் கையெழுத்து" என்று கூரியர் பெண் பெட்டிகளோடு உள்ளே வந்தாள்.

"அந்த மேசைமேல வைம்மா" என்றார் எடிட்டர் அம்மா.

பெட்டியை வைக்கக் குனிந்தவள் ஸ்கெட்சைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் மலர்ந்தது. "அய், இதுதானே சார்! அதே கயிறு வெட்டின தடம்... உடைஞ்ச நகம்..." என்று ஆசையாகக் கிட்டே வந்தவள், சுண்டுவிரல் பக்கம் வந்ததும் நின்றாள். ரப்பர் தேய்த்த அந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

"என்னம்மா?" என்றார் ரப்பர் சார்.

அவள் பைக்குள் இருந்த கையை எடுத்து, படத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"பத்து நிமிஷம் ஆடாம அசையாம நின்னேனே சார், என்னோட ஒரு விரலை மட்டும் ஏன் அழிச்சுட்டீங்க?"