உங்கள் தம்பி கையிலிருந்த சிவப்புப் பாட்டில்

அஜ்மான்,
மாசி பிறந்த மறுவாரம்.

என்றும் என் மதிப்பிற்குரிய நாகவள்ளி மதினி அவர்களுக்கு, உங்கள் தம்பி மனைவி ஜெயபாரதி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே சாத்தூரில் தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், மாடியில் குடியிருப்பவர்கள் தண்ணீர் மோட்டாரை நேரத்துக்கு நிறுத்துகிறார்கள் என்றும் நம்புகிறேன். நிற்க என்று போட்டுவிட்டு நிதானமாக விஷயத்துக்கு வரத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நீங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டீர்கள். போனையும் எடுப்பதில்லை. உங்கள் மகன் ரெங்கராஜிடம் அஜ்மானுக்கு வர டிக்கெட் போடச் சொல்லிவிட்டீர்கள் என்றும், தம்பியைத் திருத்துவதற்காக இருக்கன்குடி விபூதி ஏற்கெனவே பெட்டியில் ஏறிவிட்டது என்றும் கேள்விப்பட்டேன். அதனால் ஊருக்கு வரும் என் சிநேகிதி கனகாவின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து முழுவதும் படித்த பிறகு கோபப்படவும்.

குழுவில் வந்த அந்தப் படத்தில் இருப்பது உங்கள் தம்பிதான். தலைக்கு மேலே இருப்பது திராட்சைப் பந்தல்தான். அவர் கையில் சிவப்பாக ஒரு பாட்டிலும் ஒரு கண்ணாடித் தம்ளரும் இருப்பதும் உண்மைதான். "ஒயின் நாட்டில் நானும் பாரதியும்" என்று அவரே எழுதிப் போட்டதும் உண்மை. ஆனால் வளைகுடாவுக்கு முதல் தடவை விமானம் ஏறும் முன்னால், குடிக்கவே மாட்டேன் என்று உங்களிடம் சூடம் அணைத்துச் செய்தாரே சத்தியம், அதை அவர் இன்றுவரை மீறவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் ஹர்ஷினி வேலை கிடைத்து பெங்களூருக்குப் போன பிறகு, உங்கள் தம்பிக்குச் சாயங்காலமானால் ஒரு வீடியோ பார்க்கும் பழக்கம் வந்தது. ஏதோ ஓர் ஐரோப்பிய தேசம். தலை நரைத்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் காரில் மெதுவாகப் போகிறார்கள், தோட்டம் தோட்டமாக இறங்குகிறார்கள், கோப்பையைச் சுழற்றுகிறார்கள், மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்கிறார்கள், ஒரு வாய் வைத்துக் கொப்பளித்துப் பக்கத்துப் பாத்திரத்தில் துப்புகிறார்கள், பிறகு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறார்கள். "நாமளும் இப்படி சாவகாசமா ஒரு டிரைவ் போகணும் பாரதி" என்றார். "ஒயின் இல்லாமலா?" என்றேன். "திராட்சை இருந்தா போதாதா? ஓமன்ல ஒரு மலை மேல திராட்சை காய்க்குதாம்" என்றார். இந்தப் பாலைவனத்து நடுவே திராட்சை எப்படிக் காய்க்கும் என்று பார்க்க எனக்கும் ஆசை வந்துவிட்டது மதினி, அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

உங்கள் தம்பி கட்டுமானக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு சேஃப்டி ஆபீசரோடு சாவகாசமாகப் பயணம் போவது எப்படியிருக்கும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. போனில் அலாரம் வைத்திருந்தார். அது அடித்தால் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, இயற்கையை ரசிக்க வேண்டும். அல் ஐன் தாண்டி எல்லையில் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு நிற்கும்போது அடித்தது, ரசித்தோம். ஓமனுக்குள் இப்ரி என்ற ஊர்ப் பக்கம் லாரிகள் நிற்கிற இடத்தில் அடித்தது, ஒரு டிரெய்லரின் டயர்களை ரசித்தோம். நான் கொஞ்சம் கண்ணசந்தால் "ரிலாக்ஸா இரு பாரதி, தூங்காத" என்கிறார். வழியில் இருக்கிற போர்டையெல்லாம் சத்தமாகப் படிக்கிறார், ஒட்டகம் குறுக்கே வரும், வேகத்தைக் குறை, மழை பெய்தால் இந்தப் பள்ளத்தில் இறங்காதே என்று. அன்றிரவு தங்கிய நிஸ்வா ஊரின் கோட்டையில் வாசலுக்கு நேர் மேலே ஓட்டை வைத்திருக்கிறார்கள் மதினி, எதிரி வந்தால் கொதிக்கிற பேரீச்சம்பழப் பாகைத் தலையில் ஊற்றுவதற்காம். யார் உட்கார்ந்து காய்ச்சியிருப்பார்கள், எதிரி வராத நாளில் அந்தப் பாகை என்ன செய்திருப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டு நிற்கிறேன், உங்க தம்பி அந்த ஓட்டைக்குத் தடுப்புக் கம்பி போதாதுன்னு காவலாளிகிட்ட விளக்கிக்கிட்டு இருக்கார்.

மறுநாள் காலையில மலைக்குக் கிளம்பினோம். அடிவாரத்துல போலீஸ் செக்போஸ்ட். எங்க சின்னக் காரைப் பார்த்துட்டு, மேல ஃபோர் வீல் டிரைவ் வண்டி மட்டும்தான் போகலாம்னு போலீஸ்காரர் தன்மையாச் சொல்லித் திருப்பிட்டார். "வெரி குட், இப்படித்தான் இருக்கணும்"னு உங்க தம்பி அவருக்குக் கை கொடுத்துட்டு, இந்தப் பக்கம் வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறார். அப்போ வெங்காய மூட்டை ஏத்தின ஜீப்புல ஒரு ஓமானி வந்து நிறுத்தினார். மக்தூம்னு பேரு, மேல அவருக்குத் தோட்டமும் வீடும் இருக்கு. நம்மாளுங்களோட பழகிப் பழகி என்னை விட நல்லா இந்தி பேசுறார். எதுக்கு மேல போகணும்னு கேட்டார். திராட்சை பார்க்கன்னு சொன்னோம். எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தார். "யல்லா, ஏறுங்க"ன்னார். வழியெல்லாம் உங்க தம்பி சீட் பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கிட்டே வந்தார்.

மேல போனா நல்ல குளிரு. மலைச்சரிவுல படிப்படியா வயல், பாறையில வெட்டின வாய்க்கால்ல சலசலன்னு தண்ணி. மக்தூம் தோட்டத்துல பந்தல் இருக்கு, கொடி இருக்கு, ஆனா ஒரு இலைகூட இல்ல. அடுப்பெரிக்கிற சுள்ளி மாதிரி நிக்குது.

"திராட்சை எங்க?"ன்னார் உங்க தம்பி.

"மாஃபி, கிடையாது. இது குளிர்காலம். வெயில் காலத்துலதான் காய்க்கும்."

"கீழேயே சொல்லியிருக்கலாமே பாய்!"

"ரெண்டு பேரும் அவ்வளவு ஆசையா நின்னீங்க. எனக்குச் சொல்ல மனசு வரல."

எங்க முகத்தைப் பார்த்துட்டு அவரே வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். அவர் வீட்டம்மா காபி, பேரீச்சம்பழம், விரல் அலம்ப ஒரு கிண்ணத்துல தண்ணி எல்லாம் வெச்சுட்டு, தன் கையால காய்ச்சின மாதுளம்பழப் பாகைப் பாட்டிலோட கொண்டுவந்து, தண்ணி கலந்து ஆளுக்கொரு தம்ளர் கொடுத்தாங்க. நீங்க பார்த்த சிவப்புப் பாட்டில் அதுதான் மதினி, மாதுளம்பழம்! உடனே உங்க தம்பி பாட்டிலும் தம்ளருமா பந்தலுக்கு அடியில போய் நின்னு, மக்தூம்கிட்ட போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லி, குழுவுல போட்டுட்டு வந்து உக்கார்ந்தார். அதோட விட்டிருந்தா உங்க கோபம் மட்டும்தான் மிச்சம். தம்ளரைச் சுழற்றினார். மூக்கை விட்டார். கண்ணை மூடி ஒரு வாய் வெச்சார். கொப்பளிச்சார். அந்த விரல் அலம்புற கிண்ணத்துல துப்பிட்டார்!

வீட்டம்மா வாசக்கதவைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறாங்க. மக்தூம் முகம் கறுத்துப் போச்சு. "கெட்டுப் போச்சா?"ன்னு மெதுவா கேட்டார். "இல்ல இல்ல, ரொம்ப நல்லாருக்கு, நல்லாருந்தாதான் துப்பணும்"கிறார் இவர். "உங்க ஊர்ல வீட்டுக்கு வந்தவங்க அப்படித்தான் செய்வாங்களா?"ன்னு அவர் கேக்க, எனக்குப் பூமிக்குள்ள போயிரலாம்னு இருந்துச்சு. நம்ம குடும்ப மானமே அந்தக் கிண்ணத்துல மிதக்குது. நான் என் தம்ளரை ஒரே மடக்குல குடிச்சேன், இவர் தம்ளரையும் பிடுங்கிக் குடிச்சேன், இன்னொண்ணு கேட்டு வாங்கிக் குடிச்சேன், அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு அடுப்படிக்கே போய், எப்படிக் காய்ச்சுறதுன்னு சைகையிலயே கேட்டேன். புளிக்காய்ச்சல் மாதிரியேதான், சுண்டச் சுண்டக் கிண்டணும். அந்தம்மா சிரிச்ச பிறகுதான் எனக்கு உயிர் வந்துச்சு.

வெளியே வந்தா உங்க தம்பி வயல் வரப்புல தனியா உக்கார்ந்திருக்கார். திட்டணும்னுதான் போனேன். அவர் தலையைத் தூக்காமலே, "எனக்கு ஒயின் மேல என்ன ஆசை பாரதி? அந்த வீடியோவுல அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போறாங்க. ஹர்ஷினி போனதுல இருந்து நம்ம வீட்டுல டிவி மட்டும்தான் பேசுது. உன்கிட்ட என்ன பேசுறதுன்னே எனக்குத் தெரியல, அதான் போர்டைப் படிச்சுக்கிட்டு வந்தேன்"னார். பக்கத்துல உக்கார்ந்தேன். கொஞ்ச நேரத்துல மக்தூம் வந்தார், கையில ஒரு தம்ளர். நான் அடுப்படியில இருந்தப்போ அந்த வீடியோவை உங்க தம்பிகிட்ட கேட்டுப் பார்த்தாராம். எங்க எதிரிலயே சுழற்றினார், மோந்தார், வரப்போரம் துப்பிட்டு, "எங்கம்மா இருந்திருந்தா முதுகுத்தோலை உரிச்சிருப்பா"ன்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறார். நாங்க மூணு பேரும் சிரிச்ச சிரிப்புல வீட்டம்மா ஓடி வந்துட்டாங்க.

இறங்கி எங்க காருக்கு வந்த பிறகு பேச ஆரம்பிச்சோம். என்னத்தைப் பேசினோம்னு கேட்டா சொல்லத் தெரியாது. அவர் சின்ன வயசுல நீங்க தலைசீவி விட்டது, கூட வேலை பார்க்கிறவர் விடுற குறட்டை, நான் வேலைக்குப் போகணும்னு நினைச்சிருந்தது, இப்படி. அடுத்து மஸ்கட் போறதா இருந்தோம், பேச்சு மும்முரத்துல அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பாம நேரா சலாலா ரோட்டுல பாலைவனத்துக்குள்ள வெகுதூரம் போயிருக்கோம். போர்டு போர்டா எழுதியிருந்தும் உங்க தம்பி ஒண்ணைக்கூடப் படிக்கல. அப்புறம் திரும்பி வந்து மஸ்கட்ல கடலோரம் நடந்தோம், மீன் மார்க்கெட் பார்த்தோம், பேர் தெரியாத மீனுக்கெல்லாம் நாங்களே பேர் வெச்சோம். அலாரம் அடிக்கவே இல்ல, அவரே எடுத்துட்டாராம்.

ஆகையால் மதினி, தாங்கள் வளர்த்த பிள்ளை தங்கமான பிள்ளை என்பதையும், ஒயின் வாசனைகூட அவர் மேல் பட்டதில்லை என்பதையும் உறுதியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். டிக்கெட்டை உடனே ரத்து செய்துவிட்டு மனநிம்மதியுடன் இருக்க வேண்டுகிறேன். ரெங்கராஜையும் அவன் பிள்ளைகளையும் நாங்கள் விசாரித்ததாகச் சொல்லவும். எங்கள் இருவருக்கும் தங்கள் ஆசி எப்போதும் வேண்டும்.

தங்கள் அன்புக்குரிய
ஜெயபாரதி

பி.கு.: கவரை ஒட்டப் போனேன், உங்க தம்பி டூட்டி முடிஞ்சு ஒரே சந்தோஷமா வந்தார். ஜார்ஜியான்னு ஒரு நாட்டுக்கு எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டாராம். அங்க வீட்டுக்கு வீடு மண்ணுக்குள்ள பானையைப் புதைச்சு நிஜ ஒயினே போடுவாங்களாம். அந்தப் பானையை எனக்கும் பார்க்கணும், அதனால ஒத்துக்கிட்டேன். ஆனா மறுபடியும் மானம் போகக் கூடாதுல்ல, யார் வீட்டுல எதைக் கொடுத்தாலும் இனிமே துப்பவே கூடாதுன்னு கண்டிஷன் போட்டேன். என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணிட்டார். பண்ணின பிறகுதான் ரெண்டு பேருக்கும் உறைக்குது, துப்பாட்டி முழுங்கணுமே! உங்க டிக்கெட்டை ரத்து பண்ணிராதீங்க மதினி. சீக்கிரம் கிளம்பி வாங்க.